கணப்பும் ரிமோட் பேட்டரியும்

நவம்பர் 3, ஞாயிறு

இந்த நோட்டு யார் கையில் சிக்கினாலும் கெஞ்சிக் கேட்கிறேன், மூடி வைத்துவிடுங்கள். அம்மாவிடம் காட்ட வேண்டாம். அப்பாவிடம் வேண்டவே வேண்டாம். அண்ணா, நீயாக இருந்தால், மீசை வளர நீ என்ன தடவுகிறாய் என்று நான் இதுவரை யாரிடமும் சொல்லவில்லை. நினைவிருக்கட்டும்.

கூடத்தில் குளிர்காய விறகுக் கணப்பு தயார். கொத்தனார் மூட்டிக் காட்டினார். ஒரு சுருள் புகைகூட உள்ளே வரவில்லை. சுவரில் ஒரு அலாரமும் மாட்டினார். "விஷக்காத்துக்கு வாசனை கிடையாது சார். தூங்கும்போது வந்தா தெரியவே தெரியாது. இத மட்டும் கழட்டிடாதீங்க."

வீடியோ பார்த்தே பாதி இன்ஜினியர் ஆன அப்பா தலையாட்டினார். நான் அலாரம் மாட்டிய இடத்தை இரண்டு முறை பார்த்து வைத்துக்கொண்டேன்.

நவம்பர் 5, செவ்வாய்

சூடு வெளியே போகக் கூடாதாம். அப்பா நேற்று எல்லா ஜன்னல் இடுக்கிலும் டேப் ஒட்டினார். "இனி எறும்பு வரணும்னாலும் பெல் அடிச்சுட்டுதான் வரணும்."

இன்று கணப்பை மூட்டினால் புகை கூடத்துக்கே திரும்பியது. அலாரம் அலறியது. அப்பா அதன் இரண்டு பேட்டரிகளையும் பிடுங்கி டிவி ரிமோட்டில் போட்டார். "சும்மா கத்துது."

"உங்கள மாதிரியே" என்றாள் அம்மா, இருமலுக்கு நடுவில்.

பழி கொத்தனார் தலையில். கீழே தணல் இன்னும் இருக்கிறது. எல்லோரும் தூங்குகிறார்கள். நான் மட்டும் எல்லோருடைய மூச்சையும் எண்ணிக்கொண்டு —

நவம்பர் 6, புதன்

ஒரு குற்றம் செய்துவிட்டேன்.

கணக்குப் பரீட்சைத் தாள். பத்தொன்பது மார்க். எல்லோரும் படுத்தபின் கணப்பில் போட்டு எரித்தேன். புகை வந்தால் மாட்டிக்கொள்வேனே என்று முதலில் ஒரு ஜன்னலின் டேப்பை உரித்துத் திறந்தேன். அதிசயம், புகை நல்ல பிள்ளையாக நேரே மேலே போனது. ஜன்னலை மூடினேன், உள்ளே வந்தது. திறந்தேன், போனது. மூன்று முறை பார்த்துவிட்டு டேப்பைப் பழையபடி ஒட்டினேன்.

வெளிக்காற்று உள்ளே வந்தால்தானே புகை வெளியே போகும்? தப்பு கொத்தனாருடையது இல்லை. அப்பாவின் டேப். இதை எப்படிச் சொல்வது? "நடுராத்திரி உனக்கு அங்க என்ன வேலை?" என்று கேட்டால்?

கடைசித் தாளை மட்டும் எரிக்கவில்லை. அதில் தப்பாக எதுவும் இல்லை. எதுவுமே இல்லை.

நவம்பர் 7, வியாழன்

யாருக்கும் தெரியாமல் நானே மாற்றுகிறேன்: இரவில் பேட்டரி அலாரத்துக்கு, விடிந்ததும் ரிமோட்டுக்கு. இப்போதுதான் கொஞ்சம் தூக்கம் வருகிறது.

நவம்பர் 8, வெள்ளி

கொத்தனார் கூரைமேல் ஏறி, புகைக்குழாய் முழுக்கப் பிரஷ் விட்டுப் பார்த்தார். அடைப்பு இல்லை. டேப் எல்லாம் திரைச்சீலைக்குப் பின்னால், அவர் கண்ணில் படவில்லை.

"நான் கட்டின எதுவும் இதுவரைக்கும் இப்படிப் பண்ணதில்ல சார்."

"இது பண்ணுதே. ஞாயித்துக்கிழமை வந்து உடைச்சுக் கட்டுங்க" என்றார் அப்பா.

கொத்தனார் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வெகுநேரம் துடைத்தார். சொல்லிடு, சொல்லிடுன்னு மனசு அடிச்சுக்குது, வாயத் திறந்தா கொட்டாவிதான் வருது. நான் ஒரு கோழை.

நவம்பர் 9, சனி

நாளை உடைத்துவிடுவார்கள். அதனால் இன்று பேட்டரியை அலாரத்திலேயே விட்டுவிட்டேன். ரிமோட்டின் காலிக் குழியில் ஒரு சீட்டைச் சுருட்டி வைத்தேன். இடது கையால் எழுதியது: "டேப்பை உரித்து ஜன்னலைத் திறக்கவும். புகை மேலே போகும். கொத்தனார் மேல் தப்பில்லை. பேட்டரி இருக்க வேண்டிய இடத்தில் இருக்கிறது."

ஒன்பது மணிச் செய்திக்கு அப்பா ரிமோட்டை அமுக்கினார். தட்டினார். உள்ளங்கையில் அடித்தார். பிறகு ரிமோட்டின் மூடியைத் திறக்கும் 'டக்'.

ஐந்து நிமிடம் கழித்து — சர்ர்ர்ர். டேப் உரிகிற சத்தம். இன்னொரு ஜன்னல். குழாயில் நெருப்பு ஹூவென்று மேலே இழுக்கிறது. அம்மா சிரிக்கிறாள். அப்பா போனில், இறங்கிய குரலில்: "மேஸ்திரி, நாளைக்கு உடைக்க வேணாம். சும்மா ஒரு டீ குடிக்க வாங்க. ...தப்பு என்னுதுதான்."

நான் எழுதியது என்று யாருக்கும் தெரியாது. இடது கைக் கையெழுத்தை யார் கண்டுபிடிக்க முடியும்? காகிதமும் அந்த வெறும் கடைசித் தாள்தான், கிழித்தது —

அதன் பின்பக்கம் பார்த்தேனா? டீச்சர் சிவப்பில் 'பெற்றோர் கையொப்பம்' என்று கோடு போடுவது கடைசித் தாளின் பின்பக்கத்தில்தானே?

படியில் காலடி. கதவைத் தட்டுகிறார்.

"பாப்பா, முழிச்சிருக்கியா? ஒரு பேனா குடு."