லாக்கைத் தொடக் கூடாது

மந்தைவெளி
14-9-97

அன்பு மகள் கிளாடிஸுக்கு அப்பா எழுதிக்கொண்டது. மாதாவின் தயவில் நானும் அம்மாவும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம், நீயும் மஸ்கட்டில் வேளைக்குச் சாப்பிட்டு, நைட் டூட்டி முடிந்தால் போர்த்திக்கொண்டு தூங்கி, நல்லபடி இருக்க வேண்டும் என்று தினமும் ஜெபத்தில் கேட்கிறோம். அம்மாவுக்கு முழங்கால் வலி தேவலை, லஸ் சர்ச்சுக்கு நடந்தே போகிறாள், வரும்போது மட்டும் ஆட்டோ. உன்னோடு வேலை பார்க்கும் ஜூலியட் லீவில் வந்தவள் போன வாரம் வீடு தேடி வந்து, நீ கொடுத்தனுப்பிய பால் பவுடரையும் நீலப் பட்டுத் துணியையும் கொடுத்துவிட்டுப் போனாள். துணி ஜோர், டெய்லர் மகளுக்குத் துணி பார்க்கத் தெரியாமல் போகுமா.

இனி கடை விஷயம். அம்மா டெலிபோனில் பாதி சொல்லி மீதிக்கு அழுதுவிட்டாளாம், அந்த மீதியை நான் எழுதுகிறேன். மகாபலிபுரம் பக்கம் போகிற கார்கள் எங்கும் நிற்காமல் பறப்பதற்கு அகல ரோடு போடுகிறார்கள், அதற்காகப் பக்கிங்காம் கால்வாய் மேல் பெரிய பாலம் வருகிறது, வருகிற இடம் நம் தையல் கடை இருக்கிற மதகுப் பக்கம். அந்த மதகுக் கதவுகள் உனக்கு ஞாபகம் இருக்கும், வெள்ளைக்காரன் காலத்தில் தண்ணீரைத் தேக்கிப் படகை ஏற்றி இறக்க வைத்தது, இப்போது மரம் உளுத்துக் காக்கா உட்கார்ந்திருக்கிறது. எனக்குத் தெரிந்து அதில் படகு வந்ததில்லை, எருமைதான் வரும். போன மாதம் ஆபீஸ்காரர்கள் அளக்க வந்தபோது, கடை போய்விடுமோ என்ற பயத்தில் எனக்கு ஊசியில் நூல் ஏறவில்லை, காதை மட்டும் அவர்கள் பக்கம் வைத்திருந்தேன். இன்ஜினியர் தன் ஆட்களிடம், "லாக்கை மட்டும் யாரும் தொடக் கூடாது, மத்ததெல்லாம் எடுத்துடலாம்" என்றார். நான் படித்த எட்டாம் கிளாசுக்கு லாக் என்றால் பூட்டு. பூட்டின கடையைத் தொடச் சட்டம் இடம் கொடுக்காது, திறந்து கிடக்கிற கடைக்குத்தான் ஆபத்து என்று முடிவு கட்டி, மறுநாளே பெரிய திண்டுக்கல் பூட்டாக வாங்கிக் கடையைப் பூட்டி, மிஷினைத் தூங்குமூஞ்சி மரத்தடியில் போட்டுக்கொண்டு தைத்தேன். அதோடு விட்டேனா, பக்கத்து சைக்கிள் கடை கலீமுல்லா பாய்க்கும் ரகசியமாகச் சொல்லி அவரையும் பூட்ட வைத்தேன். பாவம், பஞ்சர் பார்க்கிற தண்ணீர்ச் சட்டியைத் தூக்கிக்கொண்டு அவரும் மரத்தடிக்கு வந்துவிட்டார். டீக்கடை தணிகாசலம், "இன்னா நைனா, கடைய பூட்டிக்கினு ரெண்டு பேரும் ரோட்ல குந்திக்கினு கீறீங்க, வூட்ல தொரத்திட்டாங்களா" என்று போகிறவர் வருகிறவர் காதில் எல்லாம் விழும்படி கேட்டுக் கேட்டு டீ ஆற்றினான். அவனுக்குச் சட்டம் தெரியாது என்று நான் பாயிடம் சொன்னேன்.

ஒரு வாரம் கழித்து அந்த இன்ஜினியர் திரும்ப வந்து, ஏன் பெரியவரே பூட்டி வைத்திருக்கிறீர்கள், சாமான்களை எடுக்க வேண்டாமா என்று கேட்டார். லாக்கைத் தொடக் கூடாது என்று சொன்னது நீங்கள்தானே சார் என்று பூட்டைக் காட்டினேன். அந்தப் பிள்ளைக்கு உன் வயதுதான் இருக்கும், அவர் சிரித்திருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும், சிரிக்கவில்லை. மதகைக் காட்டி, "அதோ, அதுக்குப் பேருதான் லாக். பழங்காலத்துச் சின்னம்னு அதை விட்டுட்டு, பாலத்தைக் கொஞ்சம் தள்ளிக் கட்டறோம்" என்றார். எந்தப் பக்கம் தள்ளி என்று கேட்டேன். அவர் நம் கடையைப் பார்த்தார். பாய் கோபித்துக்கொள்வார் என்று நினைத்தேன், அவர், பூட்டு நல்ல பூட்டு நாதா, வீட்டுக்கு ஆகும் என்று சொல்லிவிட்டுச் சட்டியில் இருந்த தண்ணீரைக் கொட்டினார்.

ஆக, ஒருத்தருக்கும் திறக்காத கதவு நிற்கிறது, தினம் திறந்த கடை இந்த மாதக் கடைசியோடு போகிறது. ரோடும் வேண்டியதுதான், யாரைக் குறை சொல்வது. கண் கெடுகிறது, கடையை மூடுங்கள் என்று நீ வருடக்கணக்காக எழுதினாய், பெற்ற பெண் சொல்லிக் கேட்காதவன் பாலம் சொல்லிக் கேட்கிறேன். மிஷின் வீட்டு முன்னறைக்கு வருகிறது. டி.வி. இருக்கிற மூலையை அம்மா இப்போதே காவல் காக்கிறாள்.

கடையில் கடைசியாகத் தைப்பது உன் நீலத் துணி என்று வைத்திருக்கிறேன். உன் பழைய அளவு ஜாக்கெட்டை எடுத்து வைத்து வெட்டப் போனேன், அங்கிள், கிளாடிஸ் ரொம்ப இளைத்துவிட்டாள் என்று ஜூலியட் சொன்னது ஞாபகம் வந்து கத்தரியைக் கீழே வைத்துவிட்டேன். ஊரில் இருப்பவர்களுக்கு எல்லாம் கண்ணால் பார்த்தே தைத்துக் கொடுக்கிறவன், சொந்தப் பிள்ளைக்கு அளவு தெரியாமல் உட்கார்ந்திருக்கிறேன். நேரத்துக்குச் சாப்பிடு, வெறும் டீயும் ரொட்டியும் ஒரு சாப்பாடு இல்லை. மாதா உன்னைக் கண்ணுக்குள் வைத்துக் காக்கட்டும், அம்மாவும் நானும் உன் நெற்றியில் சிலுவை போட்டு ஆசீர்வதிக்கிறோம். அளவை மறக்காமல் எழுதி அனுப்பு, இளைத்த அளவையே எழுது, அம்மாவிடம் காட்ட மாட்டேன். நீயே வருவதாக இருந்தால் அளவு வேண்டாம்.

இப்படிக்கு
உன் அப்பா
ம. ஆரோக்கியநாதன்