எலிகளுக்குப் பலித்த ஊசி

ஆகஸ்ட் 3, திங்கள்
விடியலிலிருந்து மழை. கெலாங் பாத்தாவிலிருந்து எல்லைப் பாலம் தாண்டி சிங்கப்பூர் ஆய்வகம் போய்ச் சேர்வதற்குள் பாதிக் காலை போயிற்று.

முடிவு வந்துவிட்டது! தடுப்பூசி போட்ட எலிகளில் புற்றுக்கட்டி சுருங்கியிருக்கிறது. நல்ல செல்களைத் தொடவே இல்லை. கூட வேலை செய்யும் மெய் லிங் கேக் வாங்கி வந்தாள், ஆளுக்கொரு துண்டு.

பத்து பாகாட் ஊருக்குப் போன் செய்து லாத்தாவிடம் சொன்னேன். எனக்கென்று இருக்கிற ஒரே அக்கா, அவளிடம் சொல்லாமல்?
"அல்ஹம்துலில்லாஹ். அப்ப எனக்கு எப்பப் போடுவே?"
விளையாட்டு என்று நினைத்துச் சிரித்தேன்.

வாங்க: அரிசி, டிஷ்யூ, லாத்தாவுக்கு முன்பக்கம் பட்டன் வைத்த சட்டை இரண்டு. மார்புப் புற்றுக்கு ஆபரேஷன் ஆகப்போகிறது, அதன் பிறகு கை தூக்க முடியாது.

ஆகஸ்ட் 5, புதன்
நல்ல வெயில். மதியம் மச்சான், லாத்தாவின் கணவர், கூப்பிட்டார். பின்னால் சாப்பாட்டுக்கடை இரைச்சல்.
"ஃபரிதா, ஆஸ்பத்திரியிலேர்ந்து போன் வந்துச்சு. ஆபரேஷன் தேதி போன மாசமேயாம். உங்க லாத்தா போகவே இல்ல லா! என்கிட்ட, ஆஸ்பத்திரியிலதான் தேதிய மாத்திட்டாங்கன்னு சொன்னா."
"ஏனாம் மச்சான்?"
"ஒன் ஊசிக்குக் காத்திருக்காளாம்."

ஜூன் மாதம் சொந்தத்தில் ஒரு நிக்காஹ் விருந்து. நான்தான் முடி முளைத்த ஒரு ரம்புத்தான் பழத்தைக் கையில் எடுத்துக்கொண்டு பிரசங்கம் செய்தேன். நல்ல செல்லின் மேலிருக்கும் புரதத்தில் இப்படி நீள நீளமாய்ச் சர்க்கரை முடி. புற்றுநோய் செல்லில் முடி குட்டை, உள்தோல் தெரியும். அந்த மொட்டை இடத்தை உடம்புக்கு அடையாளம் காட்டுவதுதான் எங்கள் ஊசி. எல்லாரும் வாயைப் பிளந்து கேட்டார்கள், எனக்குத் தலைகால் புரியவில்லை. இப்போதைக்கு எலிகளில்தான் சோதனை என்றும் சொன்னேன். ஆனால் கடைசியில், பிரியாணி சஹன் தட்டைச் சுற்றி எல்லாரும் உட்கார்ந்த பிறகு. யார் காதில் விழுந்திருக்கும்?

ஆகஸ்ட் 8, சனி
பத்து பாகாட். வழியெல்லாம் தூறல். லாத்தா அடுப்படியில் மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள்.
"கத்தி வைக்காம சரியாயிடும்னா, யாரு கத்திக்குப் போவா?"
"மனுசங்களுக்கு வர இன்னும் பல வருசம் ஆகும் லாத்தா. வராமலேயும் போகலாம்."
செதிலைச் சுரண்டிக்கொண்டே கேட்டாள்.
"எலிக்குச் சரியாயிடுச்சுதானே?"
"ஆமா."
"அந்த எலியாவது நல்லா இருக்கட்டும்."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். மீன் தலையை எனக்கென்று தனியாக எடுத்து வைத்தாள். சாப்பிட்டேன்.

ஆகஸ்ட் 14, வெள்ளி
ஸ்கேன் பார்த்தாயிற்று. அக்குள் நிணநீர் முடிச்சுகளுக்குப் பரவிவிட்டது. முதலில் கீமோ, ஆபரேஷன் அப்புறம்தான். "முன்னாடியே வந்திருக்கலாம்" என்று மட்டும் சொன்னார் டாக்டர். மச்சான் தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒருமுறை என்னைப் பார்த்திருந்தாலும் தேவலை.

ஆய்வுக் கட்டுரையைத் தொடங்கச் சொல்கிறார்கள். 'நம்பிக்கையளிக்கும் முடிவுகள்' என்று எழுதினேன். அழித்தேன். கார் டயரில் காற்று குறைவு, நாளை பார்க்க வேண்டும்.

ஆகஸ்ட் 20, வியாழன்
புழுக்கம். லாத்தாவுக்கு முதல் கீமோ. புதுச் சட்டை தொளதொள என்று இருக்கிறது.

பக்கத்து நாற்காலியில், தங்காக் ஊரில் துணிக்கடை வைத்திருக்கும் ஒரு அம்மா, அவருக்கும் கீமோ. நான் காரைப் பார்க்கிங்கில் போட்டுவிட்டு வருவதற்குள் லாத்தா என்னைப் பற்றிப் பெருமை அடித்திருக்கிறாள். இன்னமும்!
"நீங்கதான் கேன்சருக்கு ஊசி செய்ற தங்கச்சியா? அய்யோ அலமாக், இந்த வாந்தி தாங்கலம்மா. இத நிறுத்திட்டு, உங்க ஊசி வர்ற வரைக்கும் இருந்து பாக்கவா?"

நான் வாயைத் திறப்பதற்குள் லாத்தா:
"நிறுத்தாதீங்க. அது வர்றப்ப வரட்டும். நான் இருந்து பாத்துட்டேன்."

என் பக்கம் திரும்பவே இல்லை. அப்புறம், "ஃபரிதா, அவங்களுக்குக் கொஞ்சம் தண்ணி குடு" என்றாள்.

ஊற்றினேன். பாதி தரையில்.