நான்கு ஞாயிறுகளும் பதினெட்டுக் கேள்விகளும்

அன்புள்ள மைனாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். நாங்கள் மூன்று பேரும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், நீயும் வேளைக்குச் சாப்பிட்டு வயிறும் மனசும் நன்றாக இருப்பாய் என்று நம்பித்தான் பேனாவை எடுத்திருக்கிறேன். அப்பாவுக்கு முழங்கால் வலி கொஞ்சம் குறைந்திருக்கிறது, கண்ணாடிக் கடையில் உட்காரும் அந்த ஆடுகிற ஸ்டூலை மாற்றுங்கள் என்றால் மட்டும் காதில் வாங்குவதில்லை, இரண்டுக்கும் ஏழு ஜென்மத்துப் பந்தம் போலிருக்கிறது. உன் தம்பி லைசென்ஸ் தேர்வில் இரண்டாம் முறையும் கோட்டை விட்டான், வண்டியைப் பின்னால் எடுக்கும்போது கம்பத்தில் இடித்துவிட்டு, “சார், போன வாரம் இந்தக் கம்பம் இங்க இல்ல” என்று அதிகாரியிடமே வாதாடினானாம். எதிர்வீட்டுத் தையல்காரம்மா உன்னை விசாரித்தார். எனக்குப் பல் ஆஸ்பத்திரியில் அதே வரவேற்பு மேசை, அதே வாய் வீங்கிய ஆட்கள்.

இதையெல்லாம் போனிலேயே சொல்லியிருக்கலாமே என்று நினைப்பாய். சொல்ல வந்தது இதுவல்ல. போனில் ஆரம்பித்தால் நீ பாதியிலேயே “பரவால்லம்மா, விடு” என்று சொல்லிவிடுவாய், நானும் அதைப் பிடித்துக்கொண்டு நிம்மதியாகிவிடுவேன், அது எனக்குச் சுலபம். அதனால்தான் கடிதம்.

நான் ஆன்லைன் கல்லூரியில் சமூகவியல் அறிமுகப் பாடம் படிப்பது உனக்குத் தெரியும். சேர்ந்த அன்று அப்பா, “மூணு பேர் ஒண்ணா உக்காந்து சாப்பிட்டே மூணு மாசமாச்சு, இதுல சமூகவியல் வேறயா?” என்று சிரித்ததையும் சொன்னேன். மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஆஸ்பத்திரியின் ஃபைல் அறையில் உட்கார்ந்து, காதில் ஒயரை மாட்டிக்கொண்டு பாடம் கேட்பேன். இருபத்தைந்து வருஷம் கழித்து மறுபடி மாணவி, எனக்கே கொஞ்சம் தலைகால் புரியவில்லை. உனக்குத் தெரியாதது, அந்தப் பாடத்துக்கு நான் எழுதிக் கொடுத்த பெரிய கட்டுரை. புது ஊருக்குப் போய் வாழும் ஒருவரைப் பேட்டி எடுத்து எழுத வேண்டும், பதினெட்டுக் கேள்விகள் அவர்களே அச்சடித்துக் கொடுத்திருந்தார்கள். மைனா, போன மாதம் நான்கு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நான் உன்னோடு மணிக்கணக்கில் பேசினேனே, அதுதான் அந்தப் பேட்டி. போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டு, இஸ்திரி மேசைமேல் நோட்டை விரித்து, நின்றுகொண்டே நீ சொன்னதையெல்லாம் எழுதிக்கொண்டிருந்தேன்.

முதல் ஞாயிறு முதலிலேயே சொல்லிவிட வேண்டும் என்றுதான் இருந்தேன், இது சத்தியம். முதல் கேள்வியைக் கேட்டதுமே நீ, “அட, இன்னிக்குத்தாம்மா என்ன சாப்பிட்டேன்னு கேக்காம வேற ஏதோ கேட்டிருக்கே” என்று அப்படிச் சந்தோஷப்பட்டாய். அதற்கப்புறம் இது பாடப்புத்தகத்துக் கேள்வி என்று எந்த வாயால் சொல்வேன்? இரண்டாம் ஞாயிறு, “என்னம்மா பேட்டியா எடுக்கறே, மைக்கு மட்டும்தான் இல்ல” என்று கேலி செய்தாய். நான் சிரித்து மழுப்பினேன். மூன்றாம் ஞாயிறு, யாருக்கும் சொல்லாததை என்னிடம் சொன்னாய். போன புதிதில் ஒரு வருஷம் முழுக்க உனக்கு அங்கே ஒரு சிநேகிதி கூட இல்லை என்றும், நான் போன் செய்யும் நேரத்துக்கு டிவியைச் சத்தமாக வைத்துவிட்டு, “ஆஸ்பத்திரி பிரண்ட்ஸ் எல்லாம் வந்திருக்காங்கம்மா” என்று சொல்வாய் என்றும், போனை வைத்ததும் டிவியை அணைத்துவிட்டு ஆறிப்போனதை நின்றபடியே சாப்பிடுவாய் என்றும். சொல்லிவிட்டு மூக்கை உறிஞ்சினாய். நான் பன்னிரண்டாம் கேள்விக்குப் போனேன்.

கட்டுரையில் உன்னை “எனக்குத் தெரிந்த இளம்பெண்” என்று எழுதினேன். மனிதர்கள் அடுத்தவர் பார்க்க ஒரு மாதிரியும், மேடைக்குப் பின்னால் வேறு மாதிரியும் இருப்பதைப் பற்றி ஒரு பாடம் உண்டு, அதற்கு உன் டிவியை உதாரணமாக வைத்தேன். நாற்பதுக்கு முப்பத்தெட்டு மதிப்பெண். தம்பியிடம் காட்டிப் பெருமைப்பட்டுக்கொண்டேன், கட்டுரையை மட்டும் காட்டவில்லை. வகுப்பில் எல்லோரும் எல்லோருடையதையும் படித்துக் கருத்து எழுத வேண்டும் என்பது விதி. எங்களோடு ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர் படிக்கிறார், அவர் எழுதியிருந்தார்: “அந்தப் பொண்ணோட அம்மாவுக்குக் காது கேக்காதா? வாராவாரம் டிவி சிரிப்பும் மனுஷங்க சிரிப்பும் வித்தியாசம் தெரியாமலா இருக்கும்?” நான் அதற்குப் பதில் போட்டேன். என்ன போட்டேன் தெரியுமா? “தாயாரிடமிருந்து தகவல் சேகரிக்கப்படவில்லை.”

எழுதிவிட்டு ஃபைல் அறையிலேயே உட்கார்ந்திருந்தேன், வெளியே யாரோ மணியை அடித்துக்கொண்டே இருந்தார்கள், எழுந்து போக முடியவில்லை. ஏனென்றால் தாயாருக்குத் தெரிந்திருந்தது, மைனா. இரண்டாவது மாதமே தெரியும். சிநேகிதிகள் பேசினால் ஒருத்தி பேச்சில் இன்னொருத்தி குறுக்கே விழுவாள், யாராவது உன்னைக் கூப்பிடுவார்கள், இது எல்லோரும் ஒரே நேரத்தில் சிரித்து ஒரே நேரத்தில் நிறுத்துகிற சிரிப்பு. கேட்டுக்கொண்டே, “நல்லா இருங்கடி எல்லாரும்” என்று வாழ்த்திவிட்டு வைப்பேன். அது டிவிதானே என்று கேட்டிருந்தால் நீ அழுதிருப்பாய், வந்துவிடுகிறேன் என்று சொல்லியிருப்பாய். உன்னைப் போ போ என்று தள்ளியவளே நான்தான். உள்ளூர் ஆஸ்பத்திரியிலேயே எக்ஸ்ரே வேலை கிடைத்தும் வேண்டாம் என்று சொல்ல வைத்தேன், தெருவெல்லாம் சொல்லிவிட்டேன், திரும்பி வந்தால் என் முகத்தை எங்கே கொண்டு வைப்பேன் என்று பயந்தேன். உன் தனிமையைவிட என் முகம் எனக்குப் பெரிதாக இருந்திருக்கிறது. இதை எழுதக் கை கூசுகிறது, ஆனால் உண்மை.

இதோடு முடிந்திருந்தால் ஒருவேளை இந்தக் கடிதமே எழுதியிருக்க மாட்டேன். கட்டுரையை அனுப்பும்போது, பேட்டி கொடுத்தவர் சம்மதித்தார் என்று ஒரு கட்டம் இருந்தது, அதில் டிக் போட்டேன். யோசிக்கவே இல்லை. பள்ளிக்கூடச் சுற்றுலா, தடுப்பூசி, கல்லூரி விண்ணப்பம் என்று உனக்காக நானே கையெழுத்துப் போட்டுப் பழகிய கை. போன வாரம் ஆசிரியை, அடுத்த வகுப்புக்கு இதை மாதிரிக் கட்டுரையாக வைக்க விரும்புகிறேன், அந்தப் பெண்ணிடம் சம்மதம் என்று இரண்டு வரி வாங்கி அனுப்புங்கள் என்று எழுதியிருந்தார். அப்பாவிடம் சொன்னேன். “பெத்த பொண்ணுகிட்ட பேசினதுக்கு எவன் கேக்கப் போறான், நீயே எழுதி அனுப்பிடு” என்றார். அவரைக் குறை சொல்லவில்லை, ஒரு மாதம் முன்பு நானும் அதைத்தான் செய்திருப்பேன். ஆசிரியைக்கு உள்ளதை உள்ளபடி எழுதினேன், அவள் என் மகள், அவளிடம் நான் கேட்கவே இல்லை என்று. கட்டுரையை எடுத்துவிட்டார்கள், மதிப்பெண்ணும் போயிற்று, அடுத்த பருவத்தில் முதலிலிருந்து படிக்க வேண்டும். படிப்பேன். ஆனால் பதினேழு பேர் படித்தது படித்ததுதான், அதை என்னால் திரும்ப வாங்க முடியவில்லை. நோட்டில் எழுதிய பதினோரு பக்கங்களையும் கிழித்து இதோடு வைத்திருக்கிறேன், என்னிடம் வேறு படி கிடையாது.

அந்தப் பதினெட்டில் கடைசிக் கேள்வி, பேட்டி கொடுப்பவர் உங்களிடம் ஏதேனும் கேட்க விரும்புகிறாரா என்பது. நீ கேட்டாய், “அந்த வருஷம் நீ எப்படிம்மா இருந்தே?” நான், “எனக்கென்ன, நல்லாத்தான் இருந்தேன்” என்று சொல்லி நோட்டை மூடிவிட்டேன். அதற்கு இப்போது பதில் சொல்கிறேன். ஞாயிறு காலையிலிருந்து போனைக் கையில் வைத்துக்கொண்டிருப்பேன். என்றைக்காவது நீயே முந்திக்கொண்டு கூப்பிட்டால் உடனே எடுக்க மாட்டேன், நாலு தடவை மணி அடிக்க விடுவேன், ஏதோ வேலையாக இருந்தவள் மாதிரி. காத்துக்கொண்டிருந்தேன் என்று தெரிந்தால் நீ திரும்பி வந்துவிடுவாயோ என்று. அந்த நாலு மணியையும் எண்ணிக்கொண்டே நின்றேன்.

இனி நானாகக் கூப்பிட மாட்டேன், உனக்கு எப்போது பேசத் தோன்றுகிறதோ அப்போது பேசு, திட்டுவதானால் திட்டு, பேசவே பிடிக்கவில்லை என்றாலும் நான் வருத்தப்படலாம், கோபப்பட எனக்கு உரிமையில்லை. எக்ஸ்ரே அறையில் அவசரம் என்று அந்தக் கனமான கவசத்தைப் போடாமல் நிற்காதே. எங்கே இருந்தாலும் உன்னைச் சுற்றி நிஜச் சிரிப்பு நிறையட்டும், நூறு வருஷம் நன்றாக இரு, கண்ணு.

முதல் மணியிலேயே எடுக்கப்போகிற
உன் அம்மா