பத்தாவது வரியில் மாட்டிய பட்டம்

கள்ளக்குறிச்சி
8.8.2025

அன்புள்ள தனசேகரன் சாருக்கு,

நலம்தானே. நேற்று வியாழன் செல்போன் உருது வகுப்பிலும் வாசிப்பு விளையாட்டில் உங்கள் பட்டம் பத்தாவது வரியில் மரத்தில் மாட்டிக்கொண்டது. சரியாக வாசித்தால் பட்டம் ஏறும், தப்பினால் மரத்தில் மாட்டும் என்பதுதானே விதி. ஆறு வாரமாக அதே பாடம், இதே கதை. ஒன்பது வரிகளைப் பிழையில்லாமல் வாசிக்கிறீர்கள், கடைசி வரியில் தடுமாறுகிறீர்கள். செல்போனில் உருது எழுத்து சின்னதாகத் தெரிகிறதா? ஆர்வம் வரட்டும் என்றுதான் இந்த விளையாட்டை வைத்தேன், உங்கள் மனம் நோக அல்ல.

அன்புடன்,
நௌஷீன்


நைனார்பாளையம்
10.8.2025

மதிப்பிற்குரிய டீச்சருக்கு,

கண்ணில் குறையில்லை. போன மாதம்தான் கண்ணாடி மாற்றினேன். பத்திர ஆபீசில் முப்பத்தோரு வருடம், பழைய பத்திரங்களில் இருந்த உருதுக் கையெழுத்துகளை வாசிக்கத் தெரியாமலே கட்டி வைத்தவன் நான். மெதுவாகத்தான் வரும்.

மனம் நோகவில்லை. "இன்னா சார், இன்னைக்கும் மரத்துலதானா?" என்று கூடப் படிக்கும் கலையரசி கேட்கும்போது எனக்கும் சிரிப்பு வருகிறது. ஒருவர் பட்டம் மாட்டினால் எல்லாரும் சேர்ந்து அந்த வரியை வாசிப்பது நல்ல ஏற்பாடு. வகுப்பு முடிந்தால், மறுநாள் பால்காரர் கூப்பிடும்வரை இந்த வீட்டில் பேச்சுச் சத்தம் இல்லை.

அவசரமில்லை, டீச்சர்.

பணிவுடன்,
தனசேகரன்


கள்ளக்குறிச்சி
12.8.2025

அன்புள்ள சாருக்கு,

உங்களுக்குக் கூச்சம் ஜாஸ்தி. நீங்கள் எழுதி அனுப்பிய பயிற்சிகளில் ஒரு பிழைகூட இல்லை. அதனால் பத்தாவது வரிக்கு நானே மதிப்பெண் போட்டுவிட்டேன். உங்கள் பட்டம் கல்வராயன் மலையையே தாண்டி இரண்டாம் படிக்குப் போய்விட்டது! அங்கே வியாழன் வகுப்பு கிடையாது. நினைத்த நேரத்தில் தனியாக வாசிக்கலாம், செல்போனே திருத்தும். "இனிமே யாரை டீச்சர் கலாய்க்கிறது?" என்கிறாள் கலையரசி.

வாழ்த்துகளுடன்,
நௌஷீன்


நைனார்பாளையம்
14.8.2025

மதிப்பிற்குரிய டீச்சருக்கு,

இன்று புதிய பாடத்தை வாசித்தேன். பத்து வரியும் சரி. செல்போன் கை தட்டியது. கொஞ்ச நேரம் காத்திருந்தேன். வேறு ஒன்றும் வரவில்லை.

ஒன்றை மறைத்துவிட்டேன். அந்தப் பத்தாவது வரி எனக்கு முதல் வாரமே தெரியும். தமிழில் சொன்னால், "மழை நின்றது, வந்தவர்கள் வீடு திரும்பினார்கள்." சரியாக வாசித்தால் மேலே ஏற்றிவிடுவீர்கள் என்றுதான் தப்பாக வாசித்தேன். உங்கள் நேரத்தை வீணாக்கியதற்கு மன்னிக்க வேண்டும்.

என் பட்டத்தை மறுபடி மரத்தில் மாட்டிவிட வழி உண்டா?

பணிவுடன்,
தனசேகரன்


நைனார்பாளையம்
28.8.2025

மதிப்பிற்குரிய டீச்சருக்கு,

இரண்டு வாரமாகப் பதில் இல்லை. தங்களுக்கு வேலை இருக்கும். நான் அப்படிக் கேட்டிருக்கவும் கூடாது. கலையரசி கேட்டால், என் பட்டம் நன்றாகப் பறக்கிறது என்று சொல்லுங்கள்.

இன்று வியாழன். பழக்கத்தில் வகுப்பு நேரமான மாலை ஆறு மணிக்குச் செல்போனைத் திறந்துவிட்டேன். பிறகு மூடிவைத்து, பத்தாவது வரியை ஒருமுறை சத்தமாக, பிழையில்லாமல் வாசித்தேன்.

தனசேகரன்