ரைட் பேக்குக்கு அரை வட்டம்

இன்று காலை ஷிஃப்ட் தொடங்குவதற்கு முன் கறுப்பு மார்க்கரின் மூடியைத் திறந்தேன். குப்பென்று அந்த ஸ்பிரிட் வாசனை. அவ்வளவுதான், நீ பக்கத்தில் வந்து நின்றுவிட்டாய். இடுப்பில் ஒரு கை, வாயில் மார்க்கர் மூடி. மூடியைக் கடித்துக்கொண்டே பேசுவாய், பாதி வார்த்தை புரியாது. "கீழ வைடி, எத்தினி பேர் கைபட்ட மூடி அது" என்று நான் கத்துவேன். ஒருநாளும் நீ கேட்டதில்லை.

புது மாடலுக்குப் புது லைன் போட்டிருக்கிறார்கள். அதன் ஸ்கில் போர்டை நான்தான் எழுத வேண்டும். உனக்குத் தெரியாத போர்டா? இடப்பக்கம் ஆட்களின் பெயர், மேலே வேலை நடக்கும் ஒவ்வொரு ஸ்டேஷன், நடுவில் நான்காகப் பிரித்த வட்டங்கள். பழகுகிறவளுக்குக் கால் வட்டம். பக்கத்தில் ஒருவர் நின்றால் செய்வாள் என்றால் அரை. தனியாகச் செய்வாள் என்றால் முக்கால். அடுத்தவளுக்குச் சொல்லிக்கொடுக்கும் அளவுக்குத் தேறியவளுக்கு முழு வட்டம். வண்டிகளுக்கு வயர் கட்டுகிற நம் வேலைக்காக வந்த அந்தப் போர்டை, இந்தியப் பெண்கள் கால்பந்து அணிக்கு எடுத்துக்கொண்டு போனவள் நீ. அதைப் பற்றித்தான் இன்று உன்னிடம் பேசியாக வேண்டும். நேற்று ஒன்று நடந்தது. முதலிலிருந்து வருகிறேன், குறுக்கே பேசாதே.

நீ தெற்கே கடலோரத்து ஊரிலிருந்து வந்து ஒரகடத்தில் அறை எடுத்துத் தங்கியவள். மணலில் பந்து உதைத்து வளர்ந்து, முழங்கால் போனதால் ஆட்டத்தை விட்டவள். நான் வடக்குப்பட்டுக்காரி. எங்கள் ஊரில் பந்து என்றால் கிரிக்கெட் பந்துதான். கம்பெனி பஸ்ஸில் உன் போனை எட்டிப் பார்த்துப் பார்த்து ஆட்டம் எனக்குப் பிடிபட்டது. பிடிபட்டதும் உனக்கு எதிராகவே அணி எழுத ஆரம்பித்தேன். வல்லக்கோட்டைக்கு முருகனைப் பார்க்கக் கூட்டிப்போனால்கூட நீ பிரகாரத்தில் உட்கார்ந்து பிரசாதப் பொங்கலைத் தின்றுகொண்டே என் அணியைக் கிழிப்பாய். ஞாயிற்றுக்கிழமை காலையில் சர்ச், மாலையில் என்னோடு சண்டை, இதுதான் உன் வார விடுமுறை.

நான் எழுதுவது பதினொரு பேரை. உனக்கு அது போதாது.

"பதினொன்னை யாரு வேணும்னாலும் எழுதுவா. அடுத்த பதினொன்னைச் சொல்லுட்டி" என்பாய்.

வயர் வந்த அட்டைப்பெட்டியின் மூடியில் நீ போட்ட போர்டு இன்னும் என் கண்ணில் இருக்கிறது. ஒவ்வோர் இடத்துக்கும் முதல் ஆள், இரண்டாவது ஆள், பக்கத்தில் வட்டம். ஓரமாக ஓடி முன்னேறுகிற இரண்டு விங்கிலும் பெயர்கள் வழிந்தன. "விங்குக்கு ஆளு வரிசையில நிக்கா. ஓடுறது டிவியில அழகாத் தெரியும்லா, அதான். பின்னாடி நிக்கதுக்கு எவ இருக்கா?" என்று கேட்டாய். இரண்டாவது கீப்பர் நல்ல உயரம், நல்ல கை. ஆனால் பெரிய ஆட்டம் ஒன்றிலும் அவளை இறக்கியதில்லை. அவளுக்குக் கால் வட்டத்துக்கு மேல் தர மறுத்தாய். நடுக்களத்தில் தடுக்கிறவள், கோல் போடுகிறவள், இரண்டு பேருமே நன்றாக ஆடினார்கள், இரண்டு பேருக்கும் வயது ஏறிக்கொண்டிருந்தது. கீப்பருக்கு முன்னால் முதல் ஆளாக நிற்கிற ஸ்டாப்பர் ஒருத்தி மட்டும் உன் அட்டை மூடியில் வலப்பக்கம் தடுக்கிற ரைட் பேக்குக்கும் இரண்டாவது ஆள், நடுத்தடுப்புக்கும் இரண்டாவது ஆள். அப்போது அது உனக்கும் உறுத்தவில்லை, எனக்கும் உறுத்தவில்லை.

உறுத்த வைத்தவர் நம் சூப்பர்வைசர். "ஆடிட்டர் வர்றாங்கம்மா, போர்டு ஃபுல்லா இருக்கணும்" என்று வட்டங்களை எல்லாம் அவரே கறுப்பாக்கினார். பார்க்கக் கண்ணுக்கு நிறைவாக இருந்தது. ஆடிட்டரும் தலையாட்டிவிட்டுப் போனார். பொங்கலுக்கு ஊருக்குப் போனவர்களில் இரண்டு பேர் சொன்ன நாளில் திரும்பவில்லை. ஒருத்தி கிளிப் ஸ்டேஷன், ஒருத்தி டேப் ஸ்டேஷன். போர்டைப் பார்த்தால் இரண்டுக்கும் அடுத்த ஆள் என்று ஒரே பெயர், ஒரு மதுரைக்காரப் பெண். லைன் நின்றது. சூப்பர்வைசர் அந்தப் பெண்ணைப் போட்டு விரட்டினார், அவள் இங்கும் அங்கும் ஓடினாள். நீ நடுவில் போய் நின்றாய்.

"சார், போர்டுல அவ பேரு ரெண்டு இடத்துல இருக்கு. ஆளு ஒருத்திதான் சார்."

அவர் உன்னையே டேப் ஸ்டேஷனில் உட்காரச் சொன்னார். அன்று மாலை பஸ்ஸில் ஏறியதும் நீ செய்த முதல் வேலை, அட்டை மூடியை எடுத்து அந்த ஸ்டாப்பரின் பெயரை மற்ற இடங்களில் அடித்தது. நடுத்தடுப்புக்கு எப்படியோ வேறு ஒருத்தியைத் தேடிப்பிடித்தாய். ரைட் பேக்கில் இரண்டாவது ஆள் என்று எழுத ஒரு பெயரும் இல்லை. தேசத்துக்கே ஒரே ஒரு ரைட் பேக். அவள் கணுக்கால் பிசகினால் என்ன செய்வார்கள் என்று வீடு வந்து சேரும்வரை புலம்பினாய். எதிர் சீட்டில் இருந்தவர்கள் உன் வீட்டில் யாருக்கோ அடிபட்டுவிட்டது என்றே நினைத்தார்கள்.

உன் தங்கச்சி அப்போதுதான் தேசிய கேம்ப்புக்குப் போயிருந்தாள். சின்னவள் லெஃப்ட் பேக், அங்கே இரண்டாவது ஆள். அவளுக்கு நீ முக்கால் வட்டம் போட்டிருந்தாய், முழு வட்டம் இல்லை. அவள் பெயரை ரைட்டில் சும்மாவாவது எழுது என்றால் மாட்டேன் என்றாய். எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல.

"இன்னாடி நீ, உங்க ஊரே அவளைக் கொண்டாடிகினு கீது. சொந்தத் தங்கச்சி பேர எழுதினா கை தேஞ்சிடுமா?"

"கேம்ப்ல இருக்கா. ஆனா கிரவுண்ட்ல எறங்க மாட்டா" என்றாய். "லெஃப்ட்ல முன்னாடி நிக்கவ இன்னும் ரொம்ப வருசம் ஆடுவா. அவளைத் தாண்ட இவளால ஆகாது. ரைட்ல எடம் காலியாக் கெடக்கு. இவளுக்கு வலது காலு எதுக்கு இருக்கு, பஸ் ஏறுததுக்கா?"

சொல்லிவிட்டு என் எதிரிலேயே அவளுக்குப் போன் போட்டாய். லெஃப்ட்டில் முக்கால், ரைட்டில் ஒன்றும் இல்லை, இப்படியே போனால் பெஞ்ச்சிலேயே வயதாகிவிடும் என்று பட்டுப்பட்டென்று சொன்னாய். அவள் போனை வைத்துவிட்டாள். அதன்பிறகு பல நாள் உன் போனை அவள் எடுக்கவில்லை. உனக்கு வலிக்கவில்லை என்று நான் நினைத்ததே இல்லை. டீ பிரேக்கில் லாக்கருக்கு ஓடிப்போய் போனைப் பார்த்துவிட்டு வெறும் முகத்தோடு திரும்பி வருவாய். டீ ஆறிப்போயிருக்கும்.

பிறகு ஒருநாள் ஒரு வீடியோ வந்தது. வார்த்தை எதுவும் இல்லை. ஒரு சுவர், ஒரு பந்து, சின்னவளின் வலது கால். உதைக்கிறாள், தப்பாகப் போகிறது, எடுத்துவந்து மறுபடி உதைக்கிறாள். பஸ்ஸில் டிரைவர் உட்பட ஒருவரையும் விடாமல் காட்டினாய். அட்டை மூடியில் ரைட் பேக்கில் அவள் பெயரை எழுதிக் கால் வட்டம் போட்டாய். உன் முகத்தில் அன்று இருந்த பெருமையை, அவள் கேம்ப்புக்குத் தேர்வான அன்றுகூட நான் பார்க்கவில்லை.

மழைக்கு முந்தைய விடுமுறையில் ஊருக்குப் போனாய். போவதற்கு முன் நம் லைன் போர்டில் லைன் லீடர் வேலைக்கு உனக்கு அடுத்த ஆளாக என் பெயரை எழுதினாய். "அரைதானா?" என்று கேட்டேன். "ஒரு வாரத்துக்குத் தாங்குவ" என்று சிரித்தாய். காய்ச்சல் என்று போனில் சொன்னாய். அப்புறம் உன் போனை வேறு யாரோ எடுத்துப் பேசினார்கள்.

அந்த நாட்களைப் பற்றி உன்னிடம் எதற்குச் சொல்வது? அழுதேன். லைனை நிறுத்தவில்லை. இரண்டையும் ஒரே நேரத்தில் செய்ய முடியும் என்று அப்போதுதான் தெரிந்தது.

உன் கல்லறையில் சின்னவளை எல்லோரும் கட்டிக்கொண்டார்கள், தலையைத் தடவினார்கள். மாதங்கள் போய் ஒருநாள் அவள் என்னைப் போனில் கூப்பிட்டாள். கேம்ப்பில் ஆட்களைக் குறைக்கப் போகிறார்கள், கடைசியாக மிச்சமிருந்த ஓர் இடத்துக்கு இவளுக்கும் ஒரு விங் ஆட்டக்காரிக்கும் போட்டி.

"எல்லாரும் நல்லா ஆடுதேன்னே சொல்லுதாவ அக்கா. அக்காளைப் பறிகொடுத்தவன்னு பாவம் பாக்காவளோன்னு இருக்கு. எங்க அக்கா இருந்தா ரைட்ல எனக்கு எவ்வளவு போட்டிருப்பா?"

அவளுடைய பயிற்சி ஆட்டங்களை எல்லாம் நான் பஸ்ஸில் போனில் பார்த்திருந்தேன். நாக்கு நுனியில் முக்கால் என்றுதான் வந்தது. அக்காளைப் பறிகொடுத்த பிள்ளையிடம் வேறு என்ன சொல்வார்கள்? ஆனால் அவள் என்னிடம் கேட்கவில்லை, உன்னிடம் கேட்டாள். உன் இடத்தில் நின்று பொய் சொல்ல எனக்கு வரவில்லை.

"அரைதாம்மா" என்றேன். "ரைட்ல பந்து வந்ததும் உள்ள திரும்பி இடது காலுக்கு மாத்திகினு கீற. எதிர்ல நிக்கிறவ ரெண்டாவது வாட்டியே கண்டுபுடிச்சிக்குவா."

அந்தப் பக்கம் விம்மல் கேட்டது. கெடுத்துவிட்டேனோ என்று நினைத்தேன்.

"எங்க அக்கா போனதுக்கப்புறம் யாருமே என்னைத் திட்டல அக்கா" என்றாள்.

அந்த இடம் அவளுக்குத்தான் கிடைத்தது. விங்குக்குத்தான் வரிசையில் நிற்கிறார்களே.

நேற்று மாலை கேன்டீன் டிவியில் ஆட்டம். நம் பெண்கள் ஒரு கோல் முன்னே. இரண்டாம் பாதியில், நீ பஸ்ஸில் புலம்பினாயே, அதே நடந்தது. ரைட் பேக் கணுக்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். ஸ்டாப்பரைத்தான் நகர்த்துவார்கள் என்று பக்கத்தில் ஒருவர் சொன்னார். "நடுவுல யார் நிப்பா, நீயா?" என்று நான் பாய்ந்ததில் அவர் டம்ளரை எடுத்துக்கொண்டு தள்ளிப்போய்விட்டார். எல்லைக் கோட்டில் சின்னவள் நின்றாள், சாக்ஸை ஏற்றிவிட்டுக்கொண்டு, உன்னைப் போலவே இடுப்பில் ஒரு கை.

முதல் பந்து வந்தது. உள்ளே திரும்பினாள். எதிரணிக்காரி பார்த்துக்கொண்டாள். கடைசி நிமிடங்களில் மறுபடியும் அதே மூலை, அதே ஆள். இடது பக்கத்தை அடைத்துக்கொண்டு காத்திருந்தாள். சின்னவள் திரும்பவில்லை. வலது காலால் ஓங்கி ஓர் உதை. பந்து எங்கேயோ கோணலாகப் பறந்து வெளியே விழுந்தது. பார்க்க ஒரு அழகும் இல்லை. கேன்டீனில் அதற்குக் கைதட்டியவள் நான் ஒருத்திதான், பெஞ்ச் மேல் ஏறி நின்று. கோல் விழவில்லை, நாம் ஜெயித்தோம்.

இன்று காலை போர்டின் முன்னால் நிற்கும்போது சின்னவள் போனில் கூப்பிட்டாள்.

"இப்போ எவ்வளவு அக்கா?"

"முக்கால்."

"முழுசு?"

"இன்னொருத்திக்குச் சொல்லிக் குடு, அப்பால பாக்கலாம். மொதல் பந்துல எதுக்கு உள்ள திரும்பின?"

சிரித்துக்கொண்டே திட்டு வாங்கினாள். அடுத்த ஆட்டத்துக்கு முன்னும் கூப்பிடுவாளாம். கூப்பிடட்டும்.

புதுப் போர்டில் எல்லாப் பெயரும் எழுதிவிட்டேன். ஒரு பெயரும் இரண்டு இடத்தில் இல்லை. லைன் லீடர் என்று என் பெயர் இருக்கிறது, எனக்கு அடுத்த ஆள் அந்த மதுரைக்காரப் பெண். என் வட்டத்தை மட்டும் இன்னும் நிரப்பவில்லை. ஒரு வாரத்துக்கு என்று விட்டுவிட்டுப் போனாய், இத்தனை காலம் உன் இடத்தில் ஆடிக்கொண்டிருக்கிறேன், லைனிலும் சின்னவளிடமும். முக்கால் போட்டுக்கொள்ளலாம் என்று எனக்குத் தோன்றுகிறது. நீயானால் மூடியைக் கடித்துக்கொண்டு அரைதான் என்பாய். சரி, அரையே போடுகிறேன். மீதியை உன்னிடம் ஆடியே வாங்கிக்கொள்கிறேன்.