வேலிக்கு அப்பால் ஒரு கிடங்கு

ஏப்ரல் 13, 2022, புதன்

காலையில் மூட்டம். பத்து மணிக்குப் பிறகு வழமையான வெயில். காஸ் நேற்றோடு முடிந்தது. பின் கொட்டிலில் மூன்று கல் வைத்து அடுப்பு. புகை கண்ணை எரித்தது, புட்டு மட்டும் நன்றாக அவிந்தது.

வானொலியில்: வெளிநாட்டுக் கடனைத் திருப்பிக் கட்டுவதை நாடு நிறுத்திவைக்கிறதாம். முப்பது வருடம் சமூகக்கல்வி படிப்பித்தேன். இப்படிச் சில நாடுகளுக்கு நடப்பதுண்டு என்று வகுப்பில் சொல்லியிருக்கிறேன். அந்த நாடுகளில் எங்களைச் சேர்த்ததில்லை.

மண்ணெண்ணெய் வரிசை, இரண்டு மணித்தியாலம். முன்னால் நின்ற இருவர்:

“கொழும்பில சனம் விறகு தேடி அலையுதாம்.”

“இஞ்ச வரச்சொல்லு. சவுக்காரம் இல்லாமல் உடுப்புத் தோய்க்கிறதும் சேர்த்துப் பழக்கிவிடுவம்.”

“அப்ப சண்டை, சாமான் இல்லை. இப்ப சண்டையும் இல்லையே.”

“அதுதானே. ஏதாவது ஒண்டாவது இருக்கவேணும்.”

எல்லாரும் சிரித்தோம். என் முறைக்கு முன்னம் எண்ணெய் முடிந்தது.

வீட்டில் உள்ளவை: அரிசி ஒரு மூட்டை. பருப்பு கொஞ்சம். தேங்காய் எட்டு. முருங்கையிலை வேண்டிய மட்டும். பால்மா இல்லை, வெறுந்தேத்தண்ணீர் பழகிவிட்டது. உண்மையைச் சொன்னால் குறை ஒன்றுமில்லை.

ஒன்றைத் தவிர. சிறுபோகப் பயிருக்குப் பெயர் பதிகிறார்கள். 20ஆம் தேதி கடைசி. செல்வம் இன்னும் பதியவில்லை. என் கணவர் காலமான பிறகு, பன்னிரண்டு வருடமாக, என் இரண்டு ஏக்கரையும் கிழக்கு வேலிக்கு அப்பால் இருக்கும் செல்வமும் மனைவி லெட்சுமியும்தான் செய்கிறார்கள். விளைவதில் ஆளுக்குப் பாதி. யூரியா இல்லை, டீசல் இல்லை. அவர் விட்டால் வயல் தரிசு. வயல் கிடக்கட்டும். வேலை இல்லாமல் அவர்கள் இங்கே எத்தனை நாள் இருப்பார்கள்?

ஏப்ரல் 15, வெள்ளி

வெக்கை. மாலையில் மூன்று துளி மழை.

ஜெர்மனியிலிருந்து மகள் வாணி. “அம்மா, இஞ்சயும் சூரியகாந்தி எண்ணெய் ஆளுக்கு ஒரு போத்தல்தான். கடையில கோதுமை மா வைக்கிற தட்டு வெறுமை. சண்டை எங்கயோ நடக்குது, தட்டு இஞ்ச வெறுமை. இலங்கைக்குப் பிறகு எந்த நாடு விழும் எண்டு டிவியில கதைக்கினம். நீங்கள் வெளிக்கிட்டு இஞ்ச வாங்கோ.”

“எண்ணெய் இல்லாத இடத்துக்கு என்னை ஏன் கூப்பிடுறாய்?”

“பகிடி விடாதையுங்கோ அம்மா.”

போனை வைத்த பிறகு யோசித்தேன். உதாரணம்: ஒன்றன் கீழ் ஒன்றாகக் குளங்கள். மேல்குளம் உடைந்தால் அந்த வெள்ளம் கீழ்க்குளத்தையும் உடைக்கும். நாடுகளும் அப்படி. நல்ல உதாரணம் என்று பட்டது. மாலை வேலியோரம் செ.விடம் சொன்னேன்.

“அது சரிங்க டீச்சர். ஆனா நம்ம குளம் எங்க இருக்கு? கடைசியில. நமக்குக் கீழ கடல்தான். நம்ம குளம் உடைஞ்சா யாருக்கு என்ன?”

என் உதாரணம் தோற்றது. பெயர் பதிவதைப் பற்றிக் கேட்க வாயெடுத்தேன். “வேல கெடக்கு டீச்சர்” என்று போய்விட்டார். முழங்கை வரை மண்.

ஏப்ரல் 17, ஞாயிறு

கோழி வேலிக்கு அப்பால் போனது. பிடிக்கப் போன இடத்தில் பார்த்தேன். அவர்கள் வளவின் பின்மூலையில், வாழைகளுக்குப் பின்னால், ஒரு கிடங்கு. நீளம் ஓர் ஆள் படுக்கும் அளவு, ஆழம் இடுப்பளவு இருக்கும். மேலே தென்னங்கிடுகும் பழைய தறப்பாள் விரிப்பும். வெட்டிய மண்ணைப் பரவி, மேலே சருகு போட்டிருந்தது.

கோழியை விட்டுவிட்டு வந்துவிட்டேன்.

வளவுக்குள் ஒளித்து வெட்டிய கிடங்கு எதற்கென்று இந்தப் பக்கத்தில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. சண்டைக் காலத்தில் நாங்களும் வெட்டினோம். தையல் மெசின், குத்துவிளக்கு, என் சான்றிதழ்கள் ஒரு பால்மா ரின்னில். மூடி, மேலே சருகு போட்டோம். மூன்றாம் நாள் நாங்கள் இங்கில்லை.

மன்னார்ப் பக்கத்திலிருந்து படகில் இந்தியாவுக்குச் சனம் போகிறதென்று எல்லா வரிசையிலும் கதை. செ.வின் அக்கா தமிழ்நாட்டில், முகாமில். பெயர் பதியாததன் காரணம் விளங்கியது.

இரவுச் சாப்பாடு வேண்டியிருக்கவில்லை.

ஏப்ரல் 18, திங்கள்

கேட்கலாமா? கேட்கக்கூடாது. போகிறவரிடம் கேட்பதில்லை, அவரும் சொல்வதில்லை. அந்தக் காலத்துப் பழக்கம். கேட்டால் பொய் சொல்ல வேண்டிவரும், பிறகு அந்தப் பொய்யைத் தூக்கிக்கொண்டு போக வேண்டிவரும்.

ஆனால் வெறுங்கையோடு அனுப்ப மனமில்லை. பை ஒன்று கட்டினேன்:
வறுத்த அரிசிமா, சீனி போட்டுப் பிசைந்தது
வேர்க்கொம்பு (காய்ந்த இஞ்சி)
சத்திக் குளிசை ஆறு (வாந்தி நிற்க; தேதி முடியவில்லை, பார்த்தேன்)
துவாய் இரண்டு
தடித்த பொலித்தீன், அடையாள அட்டை சுற்ற

மா வறுக்கும்போது சந்தோஷம் போலவும் இருந்தது. கைக்கு ஒரு வேலை.

ஏப்ரல் 19, செவ்வாய்

எழுதவே வெட்கம். எழுதத்தான் வேண்டும்.

காலை ஏழு மணிக்குப் பையோடு போனேன். லெட்சுமி முற்றம் கூட்டிக்கொண்டு நின்றாள்.

“லெட்சுமி, நான் ஒண்டும் கேக்கேல்லை. இதைக் கொண்டுபோ. படகில சத்தி வந்தால் வேர்க்கொம்பைக் கடி.”

“எந்தப் படகுல டீச்சர்?”

“எனக்குத் தெரியும் பிள்ளை. கிடங்கைப் பாத்திட்டன்.”

விளக்குமாற்றைப் பிடித்தபடி குந்திவிட்டாள். அழுகிறாள் என்று நினைத்தேன். சிரிப்பு. “என்னங்க, இங்க வாங்க. டீச்சர் நம்மள இந்தியாவுக்கு அனுப்ப வந்திருக்காங்க.”

செ. வந்து தறப்பாளைத் தூக்கிக் காட்டினார். பூவரசங்குழை, மாட்டுச் சாணி, வைக்கல், அடுப்புச் சாம்பல், அடுக்கடுக்காக. மணம் மூக்கைப் பிடுங்கியது. பசளைக் கிடங்கு, வயலுக்கு உரம்.

“இதை ஏன் ஒளிச்சு வெட்டினீங்கள்?”

“போன போகம் கவர்மெண்டுல யூரியாவ நிறுத்திட்டுக் குப்பையப் போடச் சொன்னாங்கள்ல. கூட்டத்துல எந்திரிச்சு சத்தம் போட்டவன் நான்தான் டீச்சர். இப்ப நானே குப்பை கிண்டுறேன்னு தெரிஞ்சா விடுவாங்களா?”

“பேர் பதியாததும் அதுக்கோ?”

“குப்பை ஒரு ஏக்கருக்குத்தான் காணும். ரெண்டுல ஒண்ணுதான் செய்வேன்னு உங்ககிட்ட எப்படிச் சொல்றது? அதான் தள்ளிப்போட்டேன்.”

“மற்றதில பயறு போடுங்கோ. அதுக்கு யூரியா வேண்டாம்.” வாத்தியார் வேலை முடிந்தது என்று திரும்பினேன். பிறகும் கேட்காமல் வர முடியவில்லை. போகிற எண்ணம் ஒருநாளும் வரவில்லையா?

சிரிப்பு நின்றது. லெட்சுமிதான் சொன்னாள்.

“வந்துச்சு டீச்சர். இவங்க அக்கா நாலு தடவ கூப்பிட்டாங்க. புள்ளையா இருக்கையில மலையில தேயிலத் தோட்டத்துல இருந்து அடிச்சு வெரட்டுனாங்க, வந்தோம். சண்டையில வெரட்டுனாங்க, ஓடுனோம். இப்ப யாரு வெரட்டுறாங்க? யாரும் வெரட்டாம நாமளா எதுக்குப் போகணும்?”

மாவை மூவரும் அங்கேயே தேத்தண்ணீரோடு சாப்பிட்டோம். சீனி கொஞ்சம் கூடிவிட்டது. கோழியும் அங்கேதான் நின்றது.

ஏப்ரல் 20, புதன்

பெயர் பதிந்தாயிற்று. நெல் ஒன்று, பயறு ஒன்று. இரண்டு சைக்கிள், மூன்று பேர், நான் லெ.வின் பின்னால். விவசாயிகளின் கமக்காரர் அமைப்புக் கொட்டிலில் ஒருவர் செ.வைப் பார்த்து, “என்ன செல்வம், உன்னட்டை ஒரு மாதிரி மணக்குது?” என்றார். செ. வானத்தைப் பார்த்தார். நான் கதையை மழைக்கு மாற்றினேன்.

வரும் வழியில் செ.விடம் குள உதாரணத்தின் திருத்தத்தைச் சொன்னேன்: தண்ணீர் கீழே மட்டும்தான் போகும், சாமான் இரண்டு பக்கமும் போகும். வாணி அங்கே குடிப்பது எங்கள் தேயிலை. நாங்கள் விழுந்தால் அவளுடைய கோப்பையிலும் தெரியும்.

“எங்கம்மா முப்பது வருஷம் கொழுந்து எடுத்துச்சு டீச்சர். நம்ம இலை வரலேன்னா அவங்க வேற ஊரு இலை குடிப்பாங்க.”

மறுபடியும் தோல்வி. உலகம் எங்களால் விழாது என்று வைத்துக்கொள்வோம். அதுவும் ஒரு நிம்மதி. ஆனால் அங்கே மாத்தட்டு வெறுமையானது பொய்யில்லை. யோசிக்க வேண்டும்.

மின்வெட்டு மாலை ஐந்துக்குத் தொடங்கியது. முற்றத்தில் காற்று நன்றாக இருந்தது.

மே 4, புதன்

வாய்க்காலில் தண்ணீர். உழவுக்கு டீசல் சீட்டு ஒருவழியாகக் கிடைத்தது. முளைவிட்ட நெல் இரண்டு சாக்கு, வரம்பில்.

முதல் பிடி விதை காணிக்காரர் கையால்தான். பன்னிரண்டு வருடமும் நான் போட்டேன். இன்றைக்கு லெட்சுமியிடம் விதை நெல் இருந்த கடகத்தை நீட்டினேன்.

“ஐயோ வேணாம் டீச்சர், வழக்கம் இல்ல.”

“நானும் அரைவாசிக்காரிதானே. நீ மற்ற அரைவாசி. போடு.”

செ. வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார். லெ. சேலையைச் செருகிக்கொண்டு சேற்றில் இறங்கினாள். கிழக்கே திரும்பிக் கும்பிட்டாள். பதற்றத்தில் கை நிறைய அள்ளி வேகமாக எறிந்துவிட்டாள். பாதி எங்கள் வயலில். மீதி வரம்பைத் தாண்டிப் பக்கத்து வயலில்.

வாயைப் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

“கிடக்கட்டும், அங்கயும் முளைக்கும்” என்றேன். அடுத்த பிடியை அள்ளினாள்.