எட்டு செகண்டு

அக்டோபர் 7, செவ்வாய்

விடியற்காலையிலிருந்து மழை. கொல்லயில் பஞ்சாயத்து ரோட்டில் தண்ணீர். பஸ் லேட், ஐ.டி.ஐ.யில் நான் எடுக்க வேண்டிய முதல் பீரியட் போச்சு.

வாங்க வேண்டியது: ஒயர் செருக ஜாக் நாலு, பற்றவைக்க சால்டர் ஈயம், அண்ணனுக்கு மாத்திரை.

என் அண்ணன் செல்வின் எங்கள் சபையில் முப்பது வருஷமாக ஆர்கன் வாசிக்கிறவன். கைநடுக்கம் வந்து ஒன்றரை வருஷம். இப்போது விரல் வைத்தால் ஒரு சுரம் நாலாக விழுகிறது. ஞாயிறு அறுப்பின் பண்டிகை. அன்றும் சரிவராவிட்டால் வேறு ஆளாம், கமிட்டி சொல்லிவிட்டது. அதையும் அவனிடம் சொல்லவில்லை, என்னிடம். கோழைகள்.

என் யோசனை: ராகத்தைக் குயர் பாடட்டும். நானே செய்த சிந்தசைசர் பெட்டியில் அண்ணனுக்கு ஒரே ஒரு பெரிய பட்டன். ஒவ்வொரு வரிக்கும் அடியில் ஒரு கனத்த சுரம். அழுத்தினால் வரும், விட்டால் நிற்கும்.

அக். 8, புதன்

வெயில். புழுக்கம்.

சொதப்பல். பட்டனிலிருந்து போவது கேட் சிக்னல். விரல் அழுத்தியிருக்கும் வரை வோல்டேஜ் மேலே, எடுத்தால் கீழே. அண்ணனின் விரல் ஒரு செகண்டில் ஐந்து தடவை எழும்புகிறது. சுரமும் அப்படியே. டட் டட் டட்.

"நிறுத்து மக்கா. தையல் மிசின் கணக்கா இருக்கு." சிரித்தான். பிறகு கையைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டான். எனக்கு அழுகை முட்டியது. அடுக்களையில் போய் வெங்காயம் நறுக்கினேன், யாராவது கேட்டால் அதனால் என்று சொல்லலாமே.

அக். 9, வியாழன்

கிளாஸில் காலிங் பெல் பாடம். பழைய பஸர், விரல் இருக்கும் வரை அலறும்: கேட். ஒரு தடவை தொட்டால் முழுப் பாட்டையும் பாடி முடிக்கும் பெல்: ட்ரிக்கர். அதற்கு ஒரு தட்டல் போதும், அப்புறம் விரல் எப்படி ஆடினாலும் கவலையில்லை. சொல்லிக்கொண்டிருக்கும்போதே மண்டையில் உறைத்தது. அடக் கடவுளே, இவ்வளவுதானா!

வந்ததும் ஒயரை மாற்றினேன். முதல் தொடுதல் மட்டும் ட்ரிக்கர், அது டைமரைக் கிளப்பும். பாட்டில் ஒரு வரி எட்டு செகண்டு, டைமரும் எட்டு. நடுவில் விழும் தொடுதல்களைப் பெட்டி கண்டுகொள்ளாது.

அண்ணன் அழுத்தினான். ஒரே சுரம், ஒரு ஆட்டம் இல்லை.

"எம்மா! கை நின்னுட்டு, கேட்டியா? புது மாத்திரை பிடிச்சாச்சு!"

அவன் விரலைப் பார்க்கவில்லை, சுரத்தைத்தான் கேட்டான். ஒயரை மாற்றியதை அப்போதே சொல்லியிருக்க வேண்டும். அந்த முகத்தைப் பார்த்து வாய் வரவில்லை.

அக். 10, வெள்ளி

சர்ச்சில் பிராக்டிஸ். முதல் சரணம் முடிந்ததும் கரண்ட் போச்சு, மற்ற சரணங்களைப் பார்க்க முடியவில்லை. குயர் லீடர் மேபல் அக்கா கண்ணைத் துடைத்தாள். கிடார் வாசிக்கும் பிஜு, "சேட்டா, அடிபொளி!" பிரமாதமாம். நான் மட்டும் வியர்த்துக்கொண்டு நின்றேன். பெட்டியை அங்கேயே வைத்துவிட்டு வந்தோம்.

வரும் வழியில் அண்ணன்: "செவ்வா முதல் ஸ்கூட்டர் எடுக்கப் போறேன். குன்னத்துகால் வரைக்கும் நானே போயிட்டு வாறேன்."

"மழையாக்கும் அண்ணா."

"மழைக்கென்ன? கை நின்னாச்சு, பின்ன எதுக்குப் பேடியும் பயமும்?"

ஆடுகிற அந்தக் கையோடு ஸ்கூட்டரா!

அக். 11, சனி

சர்ச்சுக்குக் காணிக்கை: வாழைக்குலை 1, தேங்காய் 5, மரச்சீனிக் கிழங்கு.

சொல்ல மூன்று தடவை அவன் அறைக்குப் போனேன். ஒரு தடவை சட்டைக்கு இஸ்திரி. ஒரு தடவை ஜெபம். மூன்றாவது தடவை சும்மா இருந்தான், நான்தான் திரும்பிவிட்டேன். நாளை முடியட்டும். வந்ததும் சொல்லிவிடுவேன், சத்தியம்.

அக். 12, ஞாயிறு

மூன்று சரணம் அழகாகப் போனது. கமிட்டி செயலாளர் தலையை ஆட்டி ரசித்தார்.

கடைசிச் சரணம், கடைசி வரி. பாதியில் ஆர்கனை நிறுத்தி ஜனங்களின் குரலை மட்டும் கேட்கவிடுவது அண்ணனின் வழக்கம். சபையில் குழந்தைக்கும் தெரியும். நான் மறந்தேன். பாவி.

கையை எடுத்தான். சுரம் நிற்கவில்லை.

கையை இன்னும் மேலே தூக்கினான். எல்லோர் கண்ணெதிரிலும் விரல்கள் ஆடுகின்றன, சுரம் ஆடாமல் போய்க்கொண்டிருக்கிறது. பாட்டு ஒவ்வொரு பெஞ்சாக நின்றது. நாலு செகண்டு இருக்கும். அவ்வளவு நேரமும் என்னையே பார்த்தான்.

எங்கே நிறுத்துவது என்பதும் அவன் வாசிப்புதான். அதை யோசிக்காமல் ஒயரைக் குத்தியிருக்கிறேன்.

பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் வந்தோம்.

அக். 13, திங்கள்

மழை. லீவு போட்டேன். புட்டும் பயறும், அவன் தொடவில்லை.

"பெட்டியில எத்தன செகண்டு வச்சிருந்தே?"

"எட்டு."

"அப்போ நான் ஒண்ணும் வாசிக்கல்ல."

"தொடங்கினது அண்ணன்தானே."

"பேசாத. ஒயர மாத்து, முன்ன இருந்தது போல."

மாற்றினேன். அழுத்தினான். டட் டட் டட். கண்ணை மூடி ரொம்ப நேரம் கேட்டான்.

"எங் கை இப்படியாக்கும் இருக்கு, இல்லியா?"

"ஆமா." மன்னிச்சிரு என்றேன்.

"மேபலுக்கு ஃபோன் போடு. வேற ஆளப் பாக்கச் சொல்லு. வேணும்னா பெட்டியக் கொண்டு போவட்டும், அது நல்லா வாசிக்கும்."

அதைச் சொல்லி மூன்று மணி நேரம் ஆகிறது. பட்டனை விட்டு அவன் எழுந்திருக்கவில்லை. முன்னறையில் டட் டட் டட், அந்தப் பாட்டுதான், ஒவ்வொரு வரியாக. கடைசி வரியில் பாதியில் கையை எடுக்கிறான். உடனே நிற்கிறது. மறுபடி முதல் சரணம்.

மேபல் அக்கா இரண்டு தடவை கூப்பிட்டாச்சு. எடுத்தால் வேறு ஆளைப் பார்க்கச் சொல்ல வேண்டும். நான் எடுக்கவில்லை.